கிட்கேட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ஒரு சாக்லேட் பிராண்டின் வாழ்க்கைச் சுழற்சி

உங்கள் மார்க்கெட்டிங் புராஜெக்ட்டுக்காக மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். பொருளின் வாழ்க்கைச் சுழற்சியில் கிட்கேட் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது? அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று ஒவ்வொரு கட்டத்திலும் அதன் மார்க்கெட்டிங் எப்படி மாறியது? முதிர்ச்சிக்குப் பிறகு சரிவு வந்தே தீருமா? முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: முதிர்ச்சி. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் எழுதிவிட்டு நான்கு கட்டப் படத்தை வரைந்து கொடுத்தால், எந்தச் சாக்லேட்டின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற ஒரு புராஜெக்ட்தான் கிடைக்கும். கிட்கேட்டின் வரலாறு அதைவிடச் சுவாரசியமானது. அது பாடப்புத்தகப் படத்துக்கு ஒத்தும் போகிறது, முரண்டும் பிடிக்கிறது.

முதலில் அந்தப் படத்தில் இருக்கும் விற்பனை வளைகோட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். விற்பனை மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, சமநிலைக்கு வந்து, பிறகு இறங்கும் என்ற இந்தச் சித்திரத்தை நிர்வாகிகளிடையே பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் மார்க்கெட்டிங் பேராசிரியர் தியோடர் லெவிட். 1965இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. அதே இதழில் 1976இல் நாரிமன் தல்லா, சோனியா யுஸ்பே என்ற இருவர், இந்தக் கருத்தையே மறந்துவிடுங்கள் என்று எழுதினார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: மார்க்கெட்டிங் எப்படி இருக்க வேண்டும் என்பதை வளைகோடு தீர்மானிப்பதில்லை, மார்க்கெட்டிங்தான் வளைகோட்டைத் தீர்மானிக்கிறது. இரண்டு வருடம் விற்பனை மந்தமானதும், சரிவு தொடங்கிவிட்டது என்று ஒரு மேலாளர் முடிவு கட்டுகிறார். விளம்பரச் செலவை வெட்டுகிறார். விற்பனை இன்னும் இறங்குகிறது. நான் சொன்னேனே என்கிறார். மனிதனுக்கு மூப்பு வருவது உடலின் விதி. சாக்லேட்டுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. இந்த இருவரும் வேலை பார்த்தது ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில். கிட்கேட்டின் புகழ்பெற்ற வாசகம் பிறந்ததும் அதே நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தில்தான். விளம்பரக்காரர்கள் விளம்பரத்துக்காக வாதாடுவதில் ஆச்சரியமில்லை என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும் அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். கீழே வரும் கதை அதைத்தான் காட்டுகிறது.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். சாக்லேட் என்ற வகைக்கு ஒரு வாழ்க்கை. சாக்லேட் பூசிய வேஃபர் என்ற வடிவத்துக்கு ஒரு வாழ்க்கை. கிட்கேட் என்ற பிராண்டுக்கு ஒரு வாழ்க்கை. அந்தப் பிராண்டின் கீழே வருகிற ஒவ்வொரு சுவைக்கும் அளவுக்கும் தனித்தனி வாழ்க்கை. வகை நூறு வருடங்களுக்கும் மேலாக முதிர்ச்சியில் இருக்கும்; ஒரு சீசன் சுவை மூன்று மாதத்தில் நான்கு கட்டங்களையும் பார்த்து முடித்துவிடும். புராஜெக்ட்களில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இந்த நான்கையும் ஒரே கோட்டில் போட்டுவிடுவதுதான்.

சரி, பிறப்புக்கு வருவோம். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1862இல் தொடங்கிய ரௌன்ட்ரீ நிறுவனம், 1935இல் ஒரு புதிய பண்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது அதன் பெயர் ரௌன்ட்ரீஸ் சாக்லேட் கிரிஸ்ப். லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும்தான் முதலில் விற்பனை. விலை 2 பென்னி. வேலைக்குப் போகிறவர் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு தின்பண்டம் வேண்டும் என்று தொழிலாளி ஒருவர் ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டார் என்பது நிறுவனம் காலம் காலமாகச் சொல்லி வரும் கதை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அந்த ஆலோசனையைக் காசாக்கிய கணக்கு வேறு ஒருவருடையது. அவர் அப்போது மார்க்கெட்டிங்கைக் கவனித்துவந்த ஜார்ஜ் ஹாரிஸ்.

அவர் முன்னால் இருந்த சிக்கலைப் பாருங்கள். போட்டியாளரான கேட்பரியிடம் 1905 முதல் டெய்ரி மில்க் இருந்தது. அதைப் பெருமளவில் தயாரித்து விலையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். பால் சாக்லேட் கட்டியில் அவர்களோடு மோதினால் ரௌன்ட்ரீ கையைச் சுட்டுக்கொள்ளும். அதனால் ஹாரிஸ் மோதாமல் ஒதுங்கி வேறு வழியில் போனார். வேஃபரை நடுவில் வைத்து மேலே சாக்லேட்டைப் பூசினால், கைக்குப் பெரிதாகத் தெரியும் ஒரு பண்டத்தில் சாக்லேட்டின் அளவு குறைவாகத்தான் இருக்கும். எடை போட்டு ஒப்பிட்டு வாங்கும் சாமானாக இல்லாமல், ஒன்று கொடுங்கள் என்று எண்ணிக்கை சொல்லி வாங்கும் சாமானாக அது மாறிவிடும். விலை ஒப்பீடே நடக்காது. அதே 1935இல் காற்றுக் குமிழிகள் நிறைந்த ஏரோ, 1937இல் வண்ண வண்ணமான ஸ்மார்ட்டீஸ் என்று அவர் காலத்தில் வந்தவை எல்லாம் இதே தந்திரம்தான்: பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத ஒரு வடிவம், அதற்கென்று தனிப் பெயர், அந்தப் பெயருக்குத் தனி விளம்பரம்.

அறிமுகக் கட்டம் என்றால் மக்களுக்குப் பொருளைத் தெரியப்படுத்துவது என்று நோட்ஸில் ஒரு வரி இருக்கும். கிட்கேட்டில் அதைவிடப் பெரிய முடிவு எதனோடு ஒப்பிடப்படக் கூடாது என்பது. பெயர் விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. கிட் கேட் என்ற பெயரை நிறுவனம் 1911லேயே பதிவு செய்து கையில் வைத்திருந்தது. 1937இல் அந்தப் பெயரைச் சாக்லேட் கிரிஸ்ப்புக்கு முன்னால் ஒட்டினார்கள். சாக்லேட் கிரிஸ்ப் என்பது பண்டத்தை விவரிக்கும் பெயர். யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கிட் கேட் என்பதற்குச் சாக்லேட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் அது முழுக்க அவர்களுடையதாக ஆனது.

வளர்ச்சி தொடங்கும் நேரத்தில் போர் வந்தது. பால் தட்டுப்பாடு. 1942 ஜூலையில் பிரிட்டனில் இனிப்புகளுக்கே ரேஷன் வந்துவிட்டது. பால் சாக்லேட் இல்லாமல் கறுப்புச் சாக்லேட்டில் கிட்கேட்டைத் தயாரித்தார்கள். இங்கே ஒரு அருமையான முடிவு எடுத்தார்கள்: சிவப்பு உறையைத் தூக்கிவிட்டு நீல உறை போட்டார்கள். இது நீங்கள் வழக்கமாக வாங்கிய சரக்கு அல்ல என்று நிறமே சொல்லிவிட்டது. போர் முடிந்து பால் கிடைக்கத் தொடங்கிய பிறகு சிவப்பு உறை திரும்பி வந்தது. தரம் இறங்கிய காலத்தின் கசப்பு முழுவதும் நீல உறையோடு போயிற்று. மார்க்கெட்டிங் வகுப்புகளில் இதை யாரும் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பிராண்டின் வரலாற்றில் மிகச் சாதுரியமான இரண்டு மூன்று முடிவுகளில் இதுவும் ஒன்று. வளைகோட்டைப் பார்த்தால் இந்த வருடங்களில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தைச் சரிவு என்று எழுதினால் அபத்தம். அது அரசாங்கக் கட்டுப்பாடு.

இனிப்பு ரேஷன் 1953 பிப்ரவரியில் முடிந்தது. அடுத்த சில வருடங்களில் தொலைக்காட்சி விளம்பரம் பிரிட்டனுக்கு வந்தது. வளர்ச்சிக் கட்டத்துக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது. பல வருடங்களாகக் கையில் காசு இருந்தும் வாங்க முடியாதவர்கள், அவர்கள் வீட்டுக்குள்ளேயே நுழையும் ஒரு புதிய ஊடகம். 1957இல் ஜே. வால்டர் தாம்சன் லண்டன் அலுவலகத்தின் டொனால்ட் கில்ஸ் எழுதிய அந்தப் புகழ்பெற்ற வாசகம் வந்தது: ஹேவ் எ பிரேக், ஹேவ் எ கிட்கேட். சுவையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பாலின் செழுமை, கொக்கோவின் மணம் எதுவும் இல்லை. எப்போது சாப்பிட வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு ஒரு கோப்பை தேநீரோடு உட்கார்கிற அந்தப் பத்து நிமிடத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டது கிட்கேட். அந்த நேரம் தினமும் வருகிறது. பிறந்தநாளைப் போல வருடத்துக்கு ஒருமுறை அல்ல.

அந்த வாசகம் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்குப் பண்டத்தையே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கிட்கேட்டுக்கு வெளியே ஒரு சிவப்புக் காகிதப் பட்டை. அதை உருவி எடுத்தால் உள்ளே வெள்ளித்தாள். விரல் என்று சொல்லப்படும் இரண்டு நீளத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் வெள்ளித்தாளின் மேலேயே நகத்தால் ஒரு கோடு இழுத்தால் தாள் நேராகக் கிழியும். பிறகு இரண்டு கையாலும் பிடித்து மடக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு விரல் உங்களுக்கு, ஒரு விரல் எதிரில் இருப்பவருக்கு. பிரேக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உடைப்பது, ஓய்வு இரண்டும் பொருள் என்பதால் வாசகமும் செய்கையும் ஒன்றாகிவிட்டன. விளம்பரம் சொல்வதை வாடிக்கையாளரின் கையே செய்கிற வாய்ப்பு எல்லாப் பொருளுக்கும் அமைவதில்லை. 2001இல் பிரிட்டனில் காகிதப் பட்டையையும் வெள்ளித்தாளையும் எடுத்துவிட்டு, மற்ற சாக்லேட்களைப் போலவே பிளாஸ்டிக் உறை போட்டார்கள். தயாரிப்பு வேகம் கூடும், பண்டம் அதிக நாள் நமத்துப்போகாமல் இருக்கும், எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த நகக் கோடு போனது. அதற்கு எந்தக் கணக்கேட்டிலும் விலை எழுத முடியாததால் யாரும் நஷ்டமாகப் பதிவு செய்யவில்லை.

உள்நாட்டில் முதிர்ச்சி நெருங்கும்போது வெளிநாட்டில் புதிதாகத் தொடங்குவது பழக்கப்பட்ட வழி. கிட்கேட்டும் அதைச் செய்தது. ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா என்று போய், 1970 முதல் அமெரிக்காவில் ஹெர்ஷி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது, 1973இல் ஜப்பானுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு நாட்டிலும் வளைகோடு முதலிலிருந்து தொடங்கும். அதனால் உலக அளவிலான ஒரே கோடு வரைவது ஏமாற்று வேலை. 1988இல் நெஸ்லே, ஜேக்கப்ஸ் சுச்சார்ட் நிறுவனத்தோடு போட்டி போட்டு, ரௌன்ட்ரீயை 255 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றையும் கூட்டினாலும் கணக்கேட்டில் இருந்த மதிப்பைவிடப் பல மடங்கு அதிகமான தொகை அது. மீதிப் பணம் கிட்கேட் போன்ற பெயர்களுக்குக் கொடுக்கப்பட்டது. முதிர்ந்த பிராண்டின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த விற்பனையை மேற்கோள் காட்டலாம். நிறுவனம் கைமாறினாலும் அமெரிக்காவில் தயாரிப்பது இன்றும் ஹெர்ஷிதான்.

இனி முதிர்ச்சிக் கட்டம். உங்கள் புராஜெக்ட்டின் பெரும்பகுதி இங்கேதான் இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய சாக்லேட் பிராண்ட்கள் தங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியை இங்கேதான் கழிக்கின்றன. இந்தக் கட்டத்தில் எல்லாக் கடையிலும் சரக்கு இருக்கிறது, எல்லோருக்கும் பெயர் தெரியும். புதிதாக அறிமுகப்படுத்த ஆள் இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து வருடா வருடம் வளர்ச்சி கேட்பார்கள். எல்லாத் தவறும் இந்த நெருக்கடியில்தான் பிறக்கிறது.

1999இல் வந்த கிட்கேட் சங்கி சரியான வகை விரிவாக்கம். ஒரே தடித்த விரல், கடித்துத் தின்ன வேண்டியது. நான்கு விரல் கிட்கேட் தேநீரோடு போகும். சங்கி வேலைக்கு நடுவே பசிக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு. வேறு வேளை, வேறு ஆள், அதே பெயர். அது நன்றாக விற்றதும் வந்தது வினை. அடுத்த சில வருடங்களில் பிரிட்டனில் ஸ்ட்ராபெரி கிரீம், எலுமிச்சை தயிர், கிறிஸ்துமஸ் புட்டிங், டிராமிசு என்று சுவைகள் வரிசை கட்டி வந்தன. சிறு சதுரங்களாகக் கிட்கேட் கியூப்ஸ் வந்தது. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறை ஊரெங்கும் பரவிய நேரத்தில் அதற்கென்றும் ஒரு கிட்கேட் வந்தது. 2004இல், ஏறக்குறைய 47 வருடமாக ஓடிய வாசகத்தையே மாற்றினார்கள்: மேக் தி மோஸ்ட் ஆஃப் யுவர் பிரேக். கொஞ்ச காலத்தில் பழைய வாசகமே திரும்பி வந்துவிட்டது என்பதிலிருந்து விளைவை ஊகித்துக்கொள்ளுங்கள்.

புதுச் சுவைகள் ஏன் அடி வாங்குகின்றன என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கடையில் வாரத்துக்கு 100 சிவப்பு கிட்கேட் விற்கிறது என்று வையுங்கள். புதுச் சுவை ஒன்று வருகிறது. முதல் மாதம் வாரத்துக்கு 30 போகிறது. மேலதிகாரி மகிழ்ச்சியில் இருக்கிறார். ஆனால் அந்த 30இல் 22 பேர் சிவப்பை வாங்க வந்து புதுசைப் பார்த்து எடுத்தவர்கள். சிவப்பு 78க்கு இறங்குகிறது. நிகர லாபம் 8. அந்த எட்டுக்காகத் தனி உறை, தனி எசென்ஸ், இயந்திரத்தைக் கழுவி மாற்றும் நேரம், கடைக்காரருக்குத் தனி கமிஷன். இரண்டாவது மாதத்தில் புதுமை தீர்ந்து 30 என்பது 10 ஆகிறது. தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுகிறார்கள். கிட்கேட் பெயர் போட்ட ஒன்று பாதி விலைத் தொட்டியில் கிடப்பதை வாடிக்கையாளர் பார்க்கிறார். இதற்கிடையில் சிவப்பு இருந்த அலமாரி இடத்தில் ஒரு பகுதி போய்விட்டது. சுவை சரியாக இல்லாதவர்கள் கிட்கேட்டையே குறை சொல்கிறார்கள். எலுமிச்சைத் தயிரை அல்ல. இப்போது சிவப்பின் கோடு நிஜமாகவே கீழே போகிறது. இந்தச் சரிவு மூப்பினால் வந்ததா?

இதே காலத்தில் ஜப்பானில் இதே நிறுவனம் இதே வேலையை இன்னும் தீவிரமாகச் செய்தது. 2000 வாக்கில் தொடங்கி இன்றுவரை 300க்கும் மேற்பட்ட சுவைகள். பச்சைத் தேயிலை, வாசபி, ஊதா சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோயா சாஸ் என்று கேட்டால் சிரிப்பு வருகிற பட்டியல். அங்கே அது பிராண்டைத் தூக்கி நிறுத்தியது. ஒரே மருந்து ஒருவரைப் படுக்கவைத்தது, இன்னொருவரை எழுப்பிவிட்டது என்றால் காரணம் மருந்தில் இல்லை. உங்கள் புராஜெக்ட்டில் ஒரே ஒரு ஒப்பீடு செய்ய இடம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

காரணங்களில் முதலாவது பரிசுப் பழக்கம். ஜப்பானில் வெளியூர் போனால் அந்த ஊருக்கே உரிய தின்பண்டம் வாங்கிவந்து அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் கொடுப்பது கிட்டத்தட்டக் கடமை; ஓமியாகே என்பார்கள். ஷிசுவோகா என்றால் வாசபி, ஓகினாவா என்றால் ஊதாக் கிழங்கு, ஹொக்கைடோ என்றால் முலாம்பழம் என்று அந்தந்த ஊரின் விளைபொருளைக் கிட்கேட்டுக்குள் வைத்து, அந்த ஊரில் மட்டும், பெட்டியாக விற்றார்கள். டோக்கியோவில் வழக்கமாகச் சிவப்பு வாங்குகிறவர் ஓகினாவா போனால் ஊதாப் பெட்டி வாங்குகிறார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சிவப்பு. ஒன்றை ஒன்று தின்னவில்லை. பிரிட்டனில் டிராமிசுச் சுவை சிவப்புக்குப் பக்கத்திலேயே அதே அலமாரியில், அதே விலையில், அதே பசிக்கு நின்றது.

இரண்டாவது, அங்கே இருக்கும் சின்னக் கடைகளின் குணம். கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் இடம் குறைவு, சரக்கை வாராவாரம் மாற்றுவார்கள், புதுசு எதுவும் இல்லாத பிராண்டுக்கு முன்வரிசை கிடைக்காது. குறுகிய காலத்துக்கு மட்டும் என்று முன்கூட்டியே அறிவித்து வரும் சுவை அந்த ஓட்டத்துக்குப் பொருந்துகிறது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், தள்ளுபடித் தொட்டிக்குப் போக அவகாசமே இல்லை.

மூன்றாவது கொஞ்சம் அதிர்ஷ்டம். கியூஷு தீவில் நுழைவுத் தேர்வு நேரத்தில் கிட்கேட் விற்பனை கூடுவதை ஊழியர்கள் கவனித்தார்கள். அந்தப் பெயர் ஜப்பானிய மொழியில் 'கிட்டோ காட்சு', அதாவது நிச்சயம் ஜெயிப்பாய் என்பதைப் போல ஒலிப்பதால், பெற்றோரும் நண்பர்களும் மாணவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். வேறு ஒரு நிறுவனம் என்றால் மறுநாளே தொலைக்காட்சியில் கத்தியிருக்கும். இவர்கள் அடக்கி வாசித்தார்கள். தேர்வு எழுத வந்து விடுதிகளில் தங்கும் மாணவர்களுக்கு விடுதி ஊழியர் கையால் ஒன்று கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். மக்கள் தாங்களாகக் கண்டுபிடித்த நம்பிக்கையை நிறுவனம் தன் கண்டுபிடிப்பாகக் காட்டிக்கொள்ளவில்லை. 2009இல் ஜப்பான் அஞ்சல் துறையோடு சேர்ந்து, மேலே வாழ்த்து எழுதி அப்படியே தபாலில் போடக்கூடிய கிட்கேட் பெட்டியைச் சுமார் 20,000 அஞ்சலகங்களில் விற்றார்கள். போட்டியாளர் ஒருவர்கூட இல்லாத கடை வரிசை அது! அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் ஊடகப் பிரிவின் உச்ச விருதை அந்த முயற்சி வாங்கியது. 2014இல் இனிப்புக் கலைஞர் யசுமாசா தகாகியின் மேற்பார்வையில் டோக்கியோவில் கிட்கேட்டுக்கென்றே தனி உயர்தரக் கடை திறந்தார்கள். 1935இல் 2 பென்னித் தொழிலாளர் தின்பண்டமாகப் பிறந்தது, வேறொரு நாட்டில் உயர்தரப் பரிசுப் பொருளாக நிற்கிறது. இந்த இரண்டையும் எப்படி ஒரே வளைகோட்டில் போடுவீர்கள்?

முதிர்ந்த பிராண்டுக்கு வரும் ஆபத்துகள் சில வளைகோட்டிலேயே தெரியாது. 2010 மார்ச்சில் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பு, கிட்கேட்டில் சேரும் பாமாயிலுக்காக இந்தோனேசியக் காடுகள் அழிகின்றன என்று, கிட்கேட் விளம்பரத்தையே கேலி செய்யும் ஒரு வீடியோவை வெளியிட்டது. நெஸ்லே அதை யூடியூபிலிருந்து நீக்கவைத்தது. அதனாலேயே அது இன்னும் பல மடங்கு பரவியது. இரண்டே மாதத்தில், காடழிப்போடு தொடர்புள்ள பாமாயிலை வாங்க மாட்டோம் என்று நிறுவனம் உறுதி கொடுக்க வேண்டி வந்தது. பிரேக் என்ற அந்த வாசகம் அத்தனை பிரபலமாக இல்லாவிட்டால் கேலியும் எடுபட்டிருக்காது. இதற்கு நேர்மாறானது 2013இல் கூகுள் தன் ஆண்ட்ராய்டு 4.4க்குக் கிட்கேட் என்று பெயர் வைத்தது. காசு கைமாறவில்லை. ஒருவர் பெயரை மற்றவர் பரப்பினார்கள், அவ்வளவுதான். நான்கு விரல் வடிவத்துக்கு வணிகச்சின்ன உரிமை கேட்டு நடந்த நீண்ட வழக்கில் பிரிட்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் நெஸ்லேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2018இல் ஐரோப்பிய நீதிமன்றத்திலும் நெஸ்லேயின் மேல்முறையீடு எடுபடவில்லை. நார்வேயில் 1937 முதலே க்விக் லுன்ஷ் என்று நான்கு விரல் வேஃபர் ஒன்று இருக்கிறது. வடிவத்தை யாரும் காப்பியடிக்கலாம். வேளையைக் காப்பியடிப்பதுதான் கஷ்டம்.

சரிவு வந்தே தீருமா என்ற கடைசிக் கேள்விக்கு இரண்டு சாக்லேட்களைப் பாருங்கள். கேட்பரியின் விஸ்பா 1983இல் பிரிட்டன் முழுவதும் வந்தது, 2003இல் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் இணையத்தில் திரண்டு கேட்டதால் 2007இல் தற்காலிகமாகவும் 2008இல் நிரந்தரமாகவும் திரும்பியது. புதைத்த பிறகு எழுந்து வந்த பொருளை நான்கு கட்டப் படத்தில் எங்கே வைப்பது? இன்னொன்று கேரமாக். 1959இல் பிறந்தது, விற்பனை குறைந்துவிட்டது என்று சொல்லி நெஸ்லே 2023இல் நிறுத்தியது. கேரமாக் மேல் பாசம் உள்ளவர்கள் நிறைய இருந்தார்கள். பாசம் உள்ளவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை என்பதுதான் சிக்கல்.

கிட்கேட்டை அண்மையில் உண்மையிலேயே சோதித்தது வயது அல்ல, கொக்கோ. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் கெட்டதும் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. இப்படிப்பட்ட நேரத்தில் மூன்று வழி உண்டு: விலையைக் கூட்டுவது, அளவைக் குறைப்பது, சாக்லேட்டைக் குறைப்பது. வேஃபர் சாக்லேட்டுக்கு இதில் ஒரு சாதகம். ஹாரிஸ் 1935இல் போட்ட கணக்கு இன்றும் கைகொடுக்கிறது, ஏனென்றால் முழுக் கட்டிச் சாக்லேட்டை விட இதில் கொக்கோ குறைவு. அளவைக் குறைப்பதில் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு முக்கோண வடிவச் சாக்லேட்டான டோப்லரோன் சாட்சி. 2016இல் பிரிட்டனில் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கி 400 கிராமை 360 ஆக்கினார்கள். மலைச் சிகரமாக இருந்தது பல் விழுந்த சீப்பாகிவிட்டது, ஊரே சிரித்தது. 2018இல் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். எடையைக் குறைத்ததைவிட, எது கண்ணுக்கு அடையாளமோ அதிலேயே கை வைத்ததுதான் அங்கே தவறு. கிட்கேட்டில் ஒரு விரலைக் குறைத்தால் இதே கதிதான்.

எனவே புராஜெக்ட்டில் கட்டத்தை முடிவு செய்யும்போது மொத்த விற்பனைத் தொகையை நம்பாதீர்கள். விலை கூடினாலே தொகை கூடும். எத்தனை டன் விற்றது என்று பாருங்கள். நான்கு விரல் சிவப்பை மற்ற சுவைகளிலிருந்து பிரித்து, தள்ளுபடி இல்லாத வாரங்களில் அது எவ்வளவு போகிறது என்று பாருங்கள். வருடத்தில் ஒருமுறையாவது அதை வாங்கும் குடும்பங்களின் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பது இன்னும் முக்கியம். வாரம் மூன்று வாங்குகிற தீவிர ரசிகர்களைவிட, வருடத்தில் இரண்டு தடவை வாங்குகிற பெருங்கூட்டம்தான் இந்த அளவு பிராண்டைத் தாங்குகிறது. இந்த மூன்றும் நாலைந்து வருடம் சேர்ந்து இறங்கினால் சரிவு என்று எழுதுங்கள், கூடவே விளம்பரச் செலவும் கடைகளில் சரக்கு கிடைக்கும் அளவும் அதே காலத்தில் எப்படி மாறின என்பதையும் எழுதுங்கள். சிவப்பு மட்டும் இறங்கி மொத்தம் ஏறினால், அது நிறுவனம் தன் பொருளைத் தானே தின்னும் கதை. மூன்றும் சமமாக ஓடினால் முதிர்ச்சி. நாட்டுக்கு நாடு இது மாறும் என்பதால், எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.